ரேடியோ செட்டுக்காரங்க கட்டுன தாளம்

போன வாரம் எங்க குலதெய்வம் சுடலை கோயில்ல கொடை, அதான் கோயில் திருவிழா. அம்பாசமுத்திரத்துல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி வயக்காட்டு நடுவுல இருக்க கோயில், மெட்ராஸ் பெங்களூரு துபாய்னு எங்கெங்கயோ கெடக்குற சொந்தமெல்லாம் வந்து சேந்துருந்துச்சு. எங்க அக்கா மவன் கோயம்புத்தூர்ல காலேஜ் படிக்கான், ராத்திரி ராத்திரியா லேப்டாப்ல பீட் போடுதான். வெள்ளிக்கிழமை மதியக் கொடை முடிஞ்சு மேளக்காரங்க சாப்புடப் போன நேரம், பந்தல் ஓரமா எம் பக்கத்துல வந்து உக்காந்து "மாமா, நீங்க இதெல்லாம் நெறைய கேப்பியள்லா, டான்ஸ் மியூசிக்ல இந்த ஹவுஸுக்கும் டெக்னோவுக்கும் என்னதான் வித்தியாசம்? எனக்கு ரெண்டும் தும்மு தும்முன்னுதான் கேக்கு"ன்னான்.

பாதி சொன்னேன், அதுக்குள்ள மறுபடி மேளம் ஆரம்பிச்சுட்டு. மீதிய இங்க எழுதுதேன், அவனும் படிப்பான்.

இருபது வருசமா இந்த இசையெல்லாம் கேட்டும் தேடிப் படிச்சும் எனக்குள்ள ஊறிப்போன ஒரு நெனப்பு இருக்கு. ஆட்டத்துக்கான இசைல புதுசா ஒன்னு பொறக்குதுன்னா அத பாடுனவங்களோ வாசிச்சவங்களோ தனியா பெத்துப் போடல, ஸ்பீக்கர் வச்சிருந்தவன்தான் பாதிக்கு மேல பெத்தான். கூட்டத்துக்கு முன்னாடி பொட்டிய வச்சு, எந்த எடத்துல ஆளுக காலு தரிக்காம ஆடுதுன்னு பாத்துக்கிட்டே நின்னவன். எங்க பக்கத்து பாஷைல சொல்லணும்னா ரேடியோ செட்டுக்காரன்.

எங்க சித்தப்பா கல்லிடைக்குறிச்சில ரேடியோ செட் வச்சிருந்தாவ. கல்யாணம், சடங்கு, கொடை, எலெக்சன் எதுனாலும் ஆம்ப்ளிஃபயர், மைக்கு, குழாய் ஸ்பீக்கர், சீரியல் பல்பு எல்லாத்தையும் கொண்டுபோய்க் கட்டிட்டு மூணு நாளும் அங்கயே கெடந்து பாட்டுப் போடணும். லீவு விட்டா நானும் கூடப் போயிருவேன். குழாய் ஸ்பீக்கர் பனமரத்துல கட்டுனா மூணு ஊருக்குக் கேக்கும், ஆனா அதுல வாறதெல்லாம் பாடுறவங்க தொண்டையும் நாதஸ்வரமுந்தான், தவிலோட தொப்பிப் பக்கம் அடிக்கிற 'தொம்' எங்கயோ காணாமப் போயிரும். பொறவு சித்தப்பா பொட்டி ஸ்பீக்கர் ரெண்டு வாங்குனாவ. அத வாங்குன அன்னைக்கு ஒரு டார்ச் பேட்டரிய எடுத்து அதோட ரெண்டு மொனைலயும் ஸ்பீக்கர் வயர லேசாத் தொட்டுத் தொட்டு எடுத்தாவ, தொடும்போது உள்ள இருக்க காகிதம் 'டொப்'புனு முன்னால வருதா பின்னால போவுதான்னு பாத்தாவ. "ரெண்டும் ஒன்னாப்ல முன்னால வரணும்ல, ஒன்னு முன்னாலயும் ஒன்னு பின்னாலயும் போச்சுன்னா அடி சத்தம் ஒன்னையொன்னு தின்னுரும்"னு சொல்லிக்கிட்டே கைய மடக்கி பொறங்கைய அந்தக் காகிதத்துக்கு நேரா வச்சாவ. என் கையையும் புடிச்சு வச்சாவ. காத்து வந்து தட்டுச்சு. சத்தம்னா காதால கேக்குறதுன்னு அதுவரைக்கும் நெனச்சிருந்தேன்.

அதே வேலையத்தான் ஜமைக்கால கிங்ஸ்டன் ஊர்ல ஒரு ஆளு பாத்தாரு. ஆஸ்பர்ன் ருடாக்னு பேரு, கிங் டப்பின்னா உலகத்துக்கே தெரியும். ரேடியோ ரிப்பேர், எலெக்ட்ரிக் வேலை, ஆம்ப்ளிஃபயர் கட்டிக் குடுக்குறது, இதான் தொழில். அங்க 1950கள்ல இருந்தே சவுண்ட் சிஸ்டம்னு ஒரு வழக்கம், பேண்ட் வச்சு ஆடக் காசில்லாத சனங்களுக்காக தெருவுலயே பீரோ கணக்கா ஸ்பீக்கர அடுக்கி ரிக்கார்டு போடுவாங்க. ஒரு செட்டுக்கும் இன்னொரு செட்டுக்கும் போட்டி வேற, எவன் பொட்டில பேஸ், அதான் அந்த 'தொம்'முங்குற அடிச்சத்தம், அதிகம் இறங்குதுன்னு. டப்பி அந்த செட்டுகளுக்காக பாட்டுல இருந்து பாடுறவங்க குரல எடுத்துட்டு, பேஸையும் டிரம்மையும் மட்டும் முன்னுக்குக் கொண்டாந்து, அங்கங்க எக்கோ தூவி, திடீர்னு எல்லாத்தையும் நிறுத்தி மறுபடி விட்டு, மிக்சிங் போர்டையே ஒரு வாத்தியமா வாசிச்சாரு. அதுக்குப் பேரு டப். இன்னைக்கு ரீமிக்ஸ்னு நாம சொல்லுற அத்தன வேலைக்கும் அதான் தாய்வீடு. 1989ல அந்த மனுசன அவரு வீட்டுக்கு வெளியவே யாரோ சுட்டுக் கொன்னுட்டாங்க. அத மொதத் தடவ படிச்சப்போ சித்தப்பா சால்டரிங் கம்பியோட உக்காந்துருக்க கோலந்தான் கண்ணு முன்னால வந்துச்சு, அன்னைக்கு வேற வேலையே ஓடல.

கிங்ஸ்டன்ல பொறந்த ஒரு பையன், கிளைவ் கேம்ப்பெல்னு பேரு, பன்னெண்டு வயசுல குடும்பத்தோட நியூயார்க் ப்ராங்க்ஸுக்குப் போயிட்டான். கூல் ஹெர்க்னா தெரியும். 1973 ஆகஸ்ட் 11, தங்கச்சி ஸ்கூல் தொறக்குறதுக்கு புதுத்துணி எடுக்கணும்னு அவங்க இருந்த அபார்ட்மெண்ட் ஹால்லயே ஒரு பார்ட்டி வச்சா, டிக்கெட்டு பொம்பளப் பிள்ளைகளுக்கு 25 சென்ட், பயலுவளுக்கு 50 சென்ட். அண்ணங்காரன்தான் செட்டு. அவன் கூட்டத்தப் பாத்துப் பாத்துப் புடிச்சது என்னன்னா, பாட்டு நடுவுல எல்லாரும் நிப்பாட்டி டிரம்மு மட்டும் வாற அந்தக் கொஞ்ச நேரத்துலதான் ஆளுக பேய் புடிச்சாப்ல ஆடுதாங்க. அப்போ ஒரே ரிக்கார்டு ரெண்டு வாங்கி, இதுல அந்த எடம் முடியவும் அதுல அந்த எடத்த ஆரம்பிச்சு, மாத்தி மாத்தி நீட்டிக்கிட்டே போனான். ஹிப் ஹாப்புக்கு அதான் பிள்ளையார் சுழி. நம்ம நையாண்டி மேளத்துல நாதஸ்வரக்காரர் ஓஞ்சு தவிலும் பம்பையும் உறுமியும் மட்டும் நின்னு அடிக்கும்போது கரகாட்டக்காரம்மா ஒரு சுத்து சுத்துவாங்கல்லா, அந்த எடத்த அர மணி நேரம் நீட்டுனா எப்படி இருக்கும்னு யோசிங்க.

இனி அந்த 'தும்மு தும்மு'க்கு வாறேன். ஒன்னு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணுங்க, ஒவ்வொன்னுக்கும் காலால தரைய மிதிங்க, ரெண்டு மிதிக்கு நடுவுல வாயால 'ட்ஸ்'ஸுன்னு சொல்லுங்க. தும்-ட்ஸ், தும்-ட்ஸ், தும்-ட்ஸ், தும்-ட்ஸ். டிஸ்கோ, ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ் எல்லாத்துக்கும் எலும்பு இதான். ஃபிலடெல்ஃபியால எர்ல் யங்னு ஒரு டிரம்மர் 1973 வாக்குல நாலு எண்ணுக்கும் காலால அடிச்சு நடுநடுவுல அந்த தாளத்தட்ட தொறந்து விட்டு வாசிச்சதுல இருந்து இது ஊரெல்லாம் பரவுச்சு. நம்ம குத்து இப்படிப் போகாது, பெரும்பாலும் மூணு மூணாத்தான் உருளும், தகிட தகிடன்னு, அதனாலதான் குத்துக்கு ஆடும்போது இடுப்பு தன்னால ஒரு பக்கம் சாயுது. நாலு நாலாப் போறதுக்கு ஆடுனா உடம்பு நேரா மேலயும் கீழயும் போவும். வீட்டுல கதவ அடைச்சுட்டு ரெண்டுக்கும் ஆடிப் பாருங்க, நான் சொல்லுறது உடனே புரியும்.

ரிக்கார்டோட அளவுக்குக் கூட இதுல பங்கு உண்டு. டாம் மௌல்டன்னு நியூயார்க்ல பாட்டுகள டான்ஸுக்காக நீட்டி மிக்ஸ் பண்ணுற ஒருத்தர், ஒரு நாளு ஸ்டுடியோல 7 இஞ்சு வெறுந்தட்டு தீந்துபோச்சுன்னு பெரிய தட்டுல வெட்டப் போயி, எடம் நெறைய இருக்கவே வரிப்பள்ளத்த அகல அகலமாப் போட்டாங்க, போட்டா பேஸும் சத்தமும் எடுத்துக்கிட்டுப் போவுது. 1976ல 12 இஞ்சு சிங்கிள் கடைக்கே வந்துட்டு. டிஜேக்களுக்கு அது வரப்பிரசாதம்.

பெறகு 1979 ஜூலை 12. சிகாகோல காமிஸ்கி பார்க்னு பேஸ்பால் ஸ்டேடியம், ஒரு டிஸ்கோ ரிக்கார்டும் 98 சென்ட்டும் குடுத்தா உள்ள விடுவோம், ரெண்டு மேட்ச்சுக்கு நடுவுல எல்லா ரிக்கார்டையும் குவிச்சு வெடி வைப்போம்னு ஒரு ரேடியோ ஸ்டேஷன்காரன் அறிவிச்சான். அம்பதாயிரம் பேரு கிட்ட கூடிட்டாங்க. வெடிச்சதும் சனம் மைதானத்துக்குள்ள பாய, ரெண்டாவது மேட்ச்ச நடத்தவே முடியல. அன்னைக்கு அந்த ஸ்டேடியத்துல சீட்டு காட்டுற வேலைக்கு வின்ஸ் லாரன்ஸ்னு ஒரு கருப்பினப் பையன் நின்னான், கீபோர்டு வாங்கக் காசு சேத்துட்டு இருந்தவன். டிஸ்கோ மட்டுமில்ல, கருப்பினக் கலைஞர்கள் ரிக்கார்டா இருந்தாப் போதும்னு அள்ளிட்டு வந்துருந்தாங்கன்னு அவரு பின்னால சொல்லிருக்காரு. எனக்கு இத நெனச்சா இன்னமும் வயித்தெரிச்சலா இருக்கும். டிஸ்கோ கிளப்புகள்ல ஆடுனவங்க யாரு, கருப்பினத்தவங்க, லத்தீன் சனங்க, வெளிய சொன்னா அடி விழும்னு ஒளிஞ்சு வாழ்ந்த, தன்பால் ஈர்ப்பு உள்ள கே பிள்ளைக. அவங்களுக்கு ஊருக்குள்ள இருந்த ஒரே தாவாரத்தத்தான் கொளுத்துனாங்க. ஆனா அஞ்சே வருசத்துல, 1984ல, அதே பையன் ஜெஸ்ஸி சாண்டர்ஸோட சேந்து போட்ட ரிக்கார்டத்தான் மொத ஹவுஸ் ரிக்கார்டுல ஒன்னுன்னு இன்னைக்கு எழுதி வச்சிருக்காங்க.

ஹவுஸ்னு பேரு வந்தது சிகாகோல இருந்த வேர்ஹவுஸ்ங்குற கிளப்ல இருந்து. 1977ல நியூயார்க்ல இருந்து ஃப்ராங்கி நக்கிள்ஸ் அங்க வந்து செட்டப் போட்டாரு. டிஸ்கோ செத்துப்போச்சுன்னு கம்பெனிகாரங்க புது ரிக்கார்டு போடுறத நிறுத்த நிறுத்த, இவரு பழச டேப்புல ஏத்தி வெட்டி ஒட்டி நீட்டுனாரு, பொறவு ஒரு டிரம் மெஷின அடில ஓட விட்டாரு. பசங்க ரிக்கார்டு கடைக்குப் போயி வேர்ஹவுஸ்ல போடுறது இருக்கான்னு கேக்க, கேட்டுக் கேட்டு 'ஹவுஸ்'னு சுருங்கிட்டு. டிரம் மெஷின்னா ஜப்பான் ரோலண்ட் கம்பெனியோட 808, 909. 808 வந்தது 1980. நெச டிரம்மு மாதிரி இல்ல, டிக்கு டிக்குன்னு பொம்ம மாதிரி இருக்குன்னு பெரிய ஸ்டுடியோக்காரங்க ஒதுக்குனாங்க, சுமார் 12,000 மெஷினோட கம்பெனியும் நிறுத்திட்டு. அடகுக் கடைல, பழைய சாமான் கடைல சல்லிசாக் கெடச்சுது. கையில காசில்லாத பிள்ளைக கைக்கு அப்படித்தான் அது வந்து சேந்துச்சு, அந்த 808 கிக்கு இப்போ நம்மூரு சினிமாப் பாட்டு வரைக்கும் கேக்கு.

அதே கம்பெனியோட 303 மெஷின் கதை இன்னும் அழகு. கிட்டார் வாசிக்கிறவன் தனியா பிராக்டீஸ் பண்ணும்போது பேஸ் கிட்டாருக்குப் பதிலா இருக்கட்டும்னு செஞ்ச வெள்ளி நெறப் பொட்டி அது. பேஸ் கிட்டார் மாதிரியும் இல்ல, புரோகிராம் பண்ணவும் பெரும்பாடு, 1984லயே மூடிட்டாங்க. சிகாகோல ஃபியூச்சர்னு மூணு பேரு ஒரு பழைய 303 வாங்கி, அதுல என்னவோ ஓடிக்கிட்டு இருக்கும்போதே டிஜே பியர் அந்தத் திருகுகளக் கன்னாபின்னான்னு திருக, வாளிக்குள்ள கெடந்து வண்டு இரையுற மாதிரி ஒரு சத்தம் நெளிஞ்சு நெளிஞ்சு வந்துச்சு. அத கேசட்டுல எடுத்துட்டுப் போயி மியூசிக் பாக்ஸ்ங்குற கிளப்ல ரான் ஹார்டிகிட்ட குடுத்தாங்க. மொதத் தடவ போட்டப்போ ஆடுற எடமே காலியாயிட்டாம். அவரு விடல, அதே ராத்திரி மறுபடி போட்டாரு, மறுபடி போட்டாரு, நாலாந்தடவ கூட்டம் தலகீழா நின்னு ஆடுச்சாம். 1987ல ரிக்கார்டா வந்துச்சு, ஆசிட் ஹவுஸ்னு ஒரு வகையே ஆயிட்டு. எந்தக் கலைஞனுக்கு எந்த ஊர்ல இப்படி ஒரு செட்டுக்காரன் கெடப்பான், காலியான தரையப் பாத்தும் கேசட்ட வெளிய எடுக்காதவன்.

இதுல நம்ம நாட்டு ஆளு ஒருத்தரச் சொல்லாம விட முடியாது. சரண்ஜித் சிங், பம்பாய்ல இந்தி சினிமாப் பாட்டுகளுக்கு வாசிச்சுட்டு இருந்தவரு. அந்த 808, 303, கூட ஒரு ஜூபிட்டர்-8 சின்தசைசர், மூணையும் ஒன்னாக் கோத்து 1982ல பத்து ராகத்துக்கு டிஸ்கோ தாளம் போட்டு ஒரு ரிக்கார்டு பண்ணுனாரு. பைரவ், யமன், மால்கௌன்ஸ் எல்லாம் அந்த நெளியுற சத்தத்துல. சிகாகோ பசங்களுக்கு அஞ்சு வருசம் முன்னாடி! அன்னைக்கு யாரும் கண்டுக்கல. 2010ல மறுபடி வெளிவந்தப்போ கேட்டவங்கெல்லாம் ஆடிப் போயிட்டாங்க, ஏன்னா ஆசிட் ஹவுஸ் அப்படியே அதுல இருக்கு. அவரு யாரப் பாத்தும் செய்யல, அவரப் பாத்தும் யாரும் செய்யல. என் கணக்கு என்னன்னா அவருகிட்ட ராகம் இருந்துச்சு, மெஷின் இருந்துச்சு, ஒரு வேர்ஹவுஸும் ராத்திரி பூரா ஆடுற கூட்டமும் அத நாலு தடவ போடுற ஒரு ரான் ஹார்டியும் இல்ல. அந்தக் கூட்டம் இருந்துருந்தா இந்த வரலாறே பம்பாய்ல இருந்து ஆரம்பிச்சுருக்கும்.

மருமவன் கேட்ட டெக்னோ, டெட்ராய்ட் ஊரு பிள்ள. ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன், மூணு பேரும் பக்கத்துல பெல்வில்ல ஒரே ஸ்கூல்ல படிச்ச கூட்டாளிக. கார் தொழிற்சாலை ஊரு, ஆலைக்குள்ள மனுசன் நின்ன எடத்துல ரோபோ வந்து நின்னுட்டு இருந்த காலம். ரேடியோல ராத்திரி ஜெர்மனியோட க்ராஃப்ட்வெர்க்குங்குற எலெக்ட்ரானிக் குழுவ கேட்டு வளந்தாங்க. அதனால ஹவுஸ்ல சர்ச்சுப் பாட்டு மாதிரி மனுசக் குரல், பியானோ, ஒரு கட்டிப்புடிப்பு இருக்கும். டெக்னோல அந்தக் குரல் போயி மெஷினே பேசும், கொஞ்சம் வேகமும் கூட. ஹவுஸ் நிமிசத்துக்கு 120ல இருந்து 130 அடிக்குள்ள நடக்கும், டெக்னோ அங்க ஆரம்பிச்சு 150 வரைக்கும் கூட ஓடும். ஆனா வேகத்த வச்சு மட்டும் பிரிக்காதல மருமவனே, அதுல யாரு இருக்கான்னு கேளு, மனுசனா ஆலையான்னு.

டிரான்ஸ் பத்தி நான் அதிகம் சொல்ல மாட்டேன், ஜெர்மனியும் நம்ம கோவா அஞ்சுனா கடற்கரையும் 90கள்ல வளத்தது, எனக்கு அது மனசுல ஒட்டவே இல்ல. ஜங்கிள்ங்குற வகைதான் எனக்கு உசுரு. லண்டன்ல ஜமைக்காவுல இருந்து போன குடும்பத்துப் பிள்ளைகளும் மத்தவங்களும் சேந்து 90கள் ஆரம்பத்துல செஞ்சது. 1969ல விண்ஸ்டன்ஸ்னு ஒரு குழு போட்ட 'ஆமென் பிரதர்'ங்குற பாட்டுல கிரிகரி கோல்மன்னு டிரம்மர் தனியா வாசிக்கிற நாலு ஆவர்த்தனம், மொத்தமே ஆறேழு செகண்டு, அத எடுத்து வேகத்த 160, 170னு ஏத்தி, துண்டு துண்டா வெட்டி மாத்தி அடுக்கி, அடில ஜமைக்கா பேஸ பாதி வேகத்துல போட்டாங்க. மேல குதிர ஓடுது, கீழ யான நடக்குது. ஆயிரக்கணக்கான பாட்டுல அந்த ஆறு செகண்டு இருக்கு. அதுக்காக ஒரு சல்லிக்காசு கூட பாக்காம, இருக்க வீடு இல்லாம 2006ல கோல்மன் செத்துப் போனாரு. அந்தக் குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு மட்டும் 2015ல ரசிகர்கள் ஆன்லைன்ல வசூல் பண்ணி 24,000 பவுண்டு குடுத்தாங்க.

அதே இங்கிலாந்துல 1994ல ஒரு சட்டம் வந்துச்சு, வெட்டவெளில ராத்திரி கூடி ஆடுறதக் கலைக்கப் போலீசுக்கு அதிகாரம். அதுல இசைன்னா என்னன்னு விளக்கம் எழுதும்போது, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வாற அடிகளும் அதுல அடக்கம்னு எழுதிட்டாங்க. தாளத்தையே சட்டப்புத்தகத்துல ஏத்துனது அந்த ஊருதான். நமக்கும் ராத்திரி 10 மணிக்கு மேல ஸ்பீக்கர் கூடாதுன்னு விதி உண்டு, சாமக்கொடை நடக்குறதே நடுராத்திரிக்குத்தான்ங்கும்போது ஒவ்வொரு கொடைக்கும் வரிக்காரங்க, அதான் கோயிலுக்கு வரி குடுக்குற குடும்பத்துக்காரங்க, போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து தேயுறது எங்களுக்குப் பழகிட்டு.

அன்னைக்கு ராத்திரியும் அப்படித்தான், ஸ்பீக்கர அணைச்சுட்டுத்தான் சாமக்கொடை. கணியான் கூத்து செட்டு எறங்குச்சு. அண்ணாவி பாட, பொம்பள வேசம் கட்டுன ரெண்டு பேரு சலங்கையோட ஆட, மகுடம் ரெண்டு. தெரியாதவங்களுக்குச் சொல்லுதேன், மகுடம்னா மரவளையத்துல தோல் கட்டுன வாத்தியம், ஒன்னு உச்சம், ஒன்னு மந்தம். அடிக்க முன்னாடி ஓலைச் சருக கூட்டி தீ மூட்டி, தோல தீக்கு நேரா வாட்டி வாட்டி விரல் நுனியால சுண்டிப் பாப்பாங்க. மொதல்ல 'பொத்'துன்னு கேக்கும், வாட்ட வாட்ட 'டண்'ணுனு ஏறும், ஏறுனதும் தீய விட்டு வெலக்கிருவாங்க. ஒரு செகண்டு கூடுனா தோல் கிழிஞ்சிரும். சாமியாடி கண்ணு சொருக ஆரம்பிச்சதும் மகுடக்காரரு அண்ணாவியப் பாக்கல, மேளத்தப் பாக்கல, சாமியாடி காலையே பாத்தாரு. பாதம் தரைல ஒட்டி நிக்கும்போது அதே அடிய திரும்பத் திரும்ப, பாதம் லேசா எழும்பவும் உச்சத்துல ஒரு சொடுக்கு, அப்படியே ஏத்தி ஏத்தி, ஒரு எடத்துல டக்குனு நிறுத்திட்டு, மூச்சு விடுற நேரம் கழிச்சு ரெண்டும் ஒன்னா விழுந்துச்சு. சாமியாடி பாஞ்சாரு. பொம்பளைக குலவை வானத்தப் பொளந்துச்சு. போன்ல தட்டி வேகத்தப் பாத்தேன், 150ஐத் தாண்டிட்டு. மந்தம் மட்டும் அதுல பாதிக்குப் பாதியா நிதானமா நின்னு அடிச்சுட்டு இருந்துச்சு.

மருமவன் எங்கிட்ட திரும்பி எதுவுமே கேக்கல, கண்ணு பூரா அவரு கைலயே இருந்துச்சு.

காலைல அவரு காப்பி குடிச்சுட்டு இருக்கும்போது இவன் போயி நின்னான். "அண்ணாச்சி, கொஞ்சம் அடிச்சுக் காட்டுவியளா, ரிக்கார்டு பண்ணிக்கிடுதேன், உங்க பேரு போட்டுத்தான் போடுவேன், காசு வந்தா உங்களுக்குப் பங்கு"ன்னான். கோல்மன் கதைய முந்தின நாளே சொல்லிருந்தேன். அவரு சிரிச்சுட்டு மறுபடி சருகு பொறுக்கி மூட்டி வாட்டுனாரு. நாலு நிமிசம் அடிச்சாரு. அத எங்க சித்தப்பா மவன் செட்டுல, அதே பழைய பொட்டி ஸ்பீக்கர்ல போட்டுக் காட்டுனான். அவரு எந்திரிச்சுப் போயி ஸ்பீக்கருக்கு நேரா பொறங்கைய வச்சாரு, யாரும் சொல்லிக் குடுக்கல. கொஞ்ச நேரம் வச்சிருந்துட்டு, "தம்பி, உச்சம் நல்லா வருது, மந்தம் கையில தட்டலையே, அத ஏத்து"ன்னாரு.

இவன் ஏத்துனான். "இன்னும் கொஞ்சம்"னாரு.